கடைசித் தோட்டாவில் அப்பா

ஹலோ... ஹலோ... ஹில்மரா?... நான்தான்டா... உங்க அக்கா... வெர்லீன்! எத்தனை அக்கா இருக்கா உனக்கு?... இல்ல, சத்தமாப் பேச முடியாது... முடியாதுன்னா முடியாது. டேய், வச்சுடாத! ஒரே ஒரு கோடுதான் டவர் காட்டுது. அதுவும் நான் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளிய தொங்கப் போட்டிருக்கறதால.

...ஆமா. ஆமா, தெரியும். மூணு வாரமாச்சு பேசி... நீ பேசலையா, நான் பேசலையான்னு அப்புறமாப் பஞ்சாயத்து வச்சுக்கலாம். இப்ப எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். அப்பா துப்பாக்கி இருக்குல்ல...

...ஆமா.

...ஆமாடா. என்கிட்டதான் இருக்கு.

...

...முடிஞ்சுதா?... இன்னும் இருக்கா? சரி, திட்டு. கொஞ்சம் மெதுவாத் திட்டு, பன்னிக்குக் கேட்டுடும்... ஓ, அந்த வார்த்தையா! அம்மா இருந்திருந்தா உன் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பா. ஐம்பத்தஞ்சு வயசு, பேரன் பொறந்தாச்சு, பேச்சைப் பாரு.

...திருட்டா? எதுடா திருட்டு? அப்பாவைப் பாதி புதைச்ச அன்னிக்கு, ஃபயர் ஸ்டேஷன் ஹால்ல நீங்க எல்லாரும் சாசேஜை அமுக்கிக்கிட்டு இருந்தப்ப, மேஜை விரிப்புல சுத்திப் பட்டப்பகல்ல முன்வாசல் வழியாத்தான் கொண்டு போனேன். கதவைத் திறந்து விட்டதே நீதான். 'கனமா இருக்காக்கா, நான் தூக்கட்டுமா'ன்னு வேற கேட்ட... ஆமா. அதேதான். அந்த நீலப் பூப்போட்ட விரிப்பு... அது பூ ஜாடின்னு நான் சொல்லல. நீயா நினைச்சுக்கிட்ட.

...தோட்டாவும்தான். தோட்டா இல்லாம துப்பாக்கியை வச்சுக்கிட்டு என்ன, துணி காயப் போடவா?

...ராண்டலா? அவனுக்கு என்ன?... கேள்விப்பட்டேன். துணை ஷெரீஃப் வந்து துப்பாக்கியைத் தேடி அவன் ட்ரெய்லர் வீட்டைப் புரட்டிப் போட்டாருன்னு... கேள்விப்படல, பார்த்தேன். எதிர்க்கடையில உக்காந்து காபியும் ஆப்பிள் பையும் வாங்கி வச்சுக்கிட்டு முழுசாப் பார்த்தேன். அவன் கட்டிலுக்கு அடியிலருந்து என்னோட பழைய வாப்பிள் மெஷின் வந்துச்சு. பன்னண்டு வருஷமா 'நான் எடுக்கல, நான் எடுக்கல'ன்னு சத்தியம் பண்ணினான்... பாவமா? அவனோட குடும்பம் நடத்தினது நீயா நானா? எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது.

...சரி, சரி. கேளு. ஹில்மர், கேளுடா. நான் அப்பாவோட வேட்டைப் பரண்மேல இருக்கேன்.

...ஆமா, ஓடைப் பக்கத்துப் பரண்தான். எனக்கு நேர் எதிர்ல, ஐம்பது அடி... இல்ல, ஐம்பது கஜம் இருக்கும்... மேயர் படுத்திருக்காரு.

...ஆமா!... ஆமாடா, அந்தக் காட்டுப்பன்னியேதான். காது கிழிஞ்சது, கொம்புப் பல்லு ஒண்ணு ஒடைஞ்சது, அந்த நடை, எல்லாம் அவரேதான். சேத்துல கிடக்காரு. பொண்டாட்டி புள்ளைங்க யாரும் இல்ல, தனியாத்தான் ஓய்வெடுக்கறாரு. இருபது நிமிஷமாக் குறட்டை விடறாரு. பரண் வரைக்கும் கேக்குது.

...அதைத்தான் சொல்ல வந்தேன். சுட்டேன்.

...நாலு தடவை.

...

...சிரி. நல்லாச் சிரி... யாருடா அது இன்னொரு குரல் சிரிக்குது? டிவி ஓடுதா?... சரி. சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லு. உன்கிட்ட வாயைத் திறந்து கேக்கறதுக்குப் பதிலா நான் முள்ளுக்கம்பியைக் கடிச்சிருப்பேன். ஆனா ஒரே ஒரு தோட்டாதான் பாக்கி. அஞ்சு தோட்டாவுல அப்பாவை அடைச்சு வச்சது நீ. குண்டு மூக்குல குழி எடுத்து, சாம்பலைக் காபி ஸ்பூன்ல அள்ளிப் போட்டு, மெழுகு வச்சு மூடின. அழகாத்தான் பண்ணியிருந்த, இல்லைங்கல. அந்த அஞ்சுல நாலு போச்சு. கடைசி ஒண்ணுதான்டா இருக்கு. இதுவும் போச்சுன்னா, அவரு எழுதி வச்சதை யாரும் செய்யல. அவ்வளவுதான்.

...தெரியும், எனக்கு மனப்பாடம். தீவனக் கடை ரசீதுக்குப் பின்னாடி எழுதியிருந்தாரு. 'பாதி என்னை உங்க அம்மா பக்கத்துல வைங்க. மீதிப் பாதி அந்தப் பன்னிக்குள்ள போகட்டும்.' கையெழுத்து, தேதி, எல்லாம் போட்டு. பாஸ்டர் முதல் வரியை மட்டும் வாசிச்சுட்டு, ரெண்டாவது வரி வந்ததும் இருமினாரே... ஆமா, அவ்வளவு நேரம் யாரும் இருமி நான் பார்த்ததில்ல. அதுல எங்கயாவது 'ஹில்மர் சுடணும்'னு எழுதியிருந்துச்சா?... இல்லல்ல? யார் சுடணும்னு எழுதல. நீயா முடிவு பண்ணிட்ட. பையன்னா சுடுவான், பொண்ணுன்னா தட்டு கழுவுவா. துப்பாக்கியை மேஜைமேல மாலை போட்டு வச்சுட்டு, அடுத்த சனிக்கிழமை நான் போறேன்னு ஊர்பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

...கேக்கல. அதான்.

...அவரை யாருடா கொன்னது? நிமோனியாவா? நிமோனியா எதுக்கு வந்துச்சு? இடுப்பொடிஞ்சு படுத்ததால வந்துச்சு. இடுப்பு எதுக்கு ஒடிஞ்சுது? எண்பத்திரண்டு வயசுல, ராத்திரி உடுப்போட, கையில கரண்டியை எடுத்துக்கிட்டு, பீச் பழத் தோட்டத்துக்குள்ள இந்த நாயைத் துரத்திக்கிட்டு ஓடினதால... நாய் இல்ல, பன்னி. எனக்குக் கோபத்துல வாய் குழறுது. அறுபது கன்னு, ஹில்மர்! அம்மா செத்த வருஷம் அவரு கையால நட்ட அறுபது கன்னையும் வேரோட பிடுங்கிப் போட்டுட்டு இப்ப குறட்டை விடுது. நான் விட மாட்டேன்.

...சரி. சொல்றேன். வரிசையாச் சொல்றேன்.

...முதல் தோட்டா, அப்பாவைப் புதைச்சதுக்கு மறுநாளே. முழு உடம்பையும் காட்டிக்கிட்டு நின்னுச்சு. தோள்பட்டையைப் பார்த்துச் சுட்டேன். முதுகுக்கு மேல போய் மெஸ்கீட் மரத்துல அடிச்சுது. அது மெல்லறதைக்கூட நிறுத்தல, ஹில்மர். அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துச்சு, கூட்டத்துல யாரோ தும்மின மாதிரி. அப்புறம் நடந்து போச்சு.

...ரெண்டாவது... ரெண்டாவது, நேரத்துக்குத் தானாச் சோளம் தூவுமே, அந்த டிரம்ல.

...ஆமா, டிரம்ல. ஓட்டை. முப்பது கிலோ மக்காச்சோளமும் கீழ. அன்னிக்கு அந்தக் கூட்டத்துக்கே கிறிஸ்துமஸ். இருட்டற வரைக்கும் தின்னுதுங்க. நான் மேல உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன்.

...மூணாவது, வேலிக்கிட்ட. அப்பா பெயிண்ட் அடிச்சு வச்சாரே, 'உள்ள வந்தா சுடுவேன்'னு ஒரு போர்டு... ஆமா. நட்ட நடுவுல. அவரு எழுதின போர்டுல அவரே போய் ஓட்டை போட்டாரு.

...நாலாவது இன்னிக்குக் காலையில. மாட்டுத் தண்ணித் தொட்டியில... அப்பா இப்ப ஒழுகிக்கிட்டு இருக்காரு. அதுல சேறாகி, அந்தச் சேத்துலதான் மேயர் வந்து சுகமாப் படுத்திருக்காரு. மூடு வாயை. இதுல சிரிக்க என்ன... சரி, கொஞ்சம் சிரிப்புதான். எனக்கே வந்துச்சு. ஆனா அப்புறம் அழுகை வந்துச்சு.

...இல்ல, கை நடுங்கல... இல்ல, கண்ணை மூடல! யாருகிட்ட பேசற? போன வருஷம் கோழிக்கூட்டுல இருந்த பாம்பு தலையை யாரு எடுத்தது? மூச்சை அடக்கி, விசையை மெதுவா இழுத்து, எல்லாம் சரியாத்தான் பண்ணேன். ஒவ்வொரு தடவையும் மேல போகுது. அந்தத் துப்பாக்கிக்கு என்னமோ வியாதி. உனக்குத் தெரியும். நீதானே நாப்பது வருஷமா அவரு கூடவே அலைஞ்ச. அதான் போன் பண்ணேன்.

...குழாயா? சுத்தமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவி, துடைச்சு, எண்ணெய் போட்டுத்தான் வச்சிருக்கேன். அவரு நம்மளைக் குளிப்பாட்டினதைவிட அதைத்தானே அதிகம் குளிப்பாட்டினாரு. அதைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டேன். தொடத்தான் விடல.

...பின்னாடி, குறி பார்க்கற அளவா? இரு, பார்க்கறேன்... அந்த வளைஞ்ச தகடு... நானூறு... ஆமா, நானூறுல இருக்கு. இதுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. ஆணி மாட்டியிருக்கா என்னன்னு...

...என்னது?

...என்ன, அதுக்குக் கீழ அளவே கிடையாதா? ஏன்?

...நானூறு மீட்டரா! அடக் கடவுளே. எவன்டா நானூறு மீட்டர்ல பன்னி சுடுவான்?... ஓ. பன்னிக்குச் செய்யல. ஆமா. மனுஷனுக்குச் செஞ்சது. தாத்தா முதல் உலகப்போர்ல, பிரான்ஸ்ல பதுங்குகுழிக்குள்ள யாருகிட்டருந்து பிடுங்கினாரோ, அவன் தூரத்துல தாத்தாவைப் பார்த்துக் குறி வச்சிருப்பான். நாமளும் ஜெர்மன் வம்சம்தானே, ரெண்டு பேரும் ஒரே ஜெர்மன்ல திட்டிக்கிட்டாங்கன்னு தாத்தா சொல்வாரு. அதனால... அதனால கிட்டத்துல சுட்டா மேல போகும். அப்படித்தானே?... எவ்வளவு?... ஒரு முழம் போகுமா? அப்ப எங்க குறி வைக்கணும்?

...காலையா?

...முன்னங்கால் முட்டி. முட்டியைப் பார்த்துச் சுட்டா நெஞ்சுல போய் நிக்கும்... இவ்வளவுதானா?... இவ்வளவுதான்டா விஷயம்? ரெண்டே வார்த்தை! இதை உனக்கு எப்பச் சொன்னாரு?... பன்னண்டு வயசுல. சரி. அப்ப எனக்குப் பதினஞ்சு. பதினஞ்சு வயசுல எனக்கு என்ன சொன்னாரு தெரியுமா? தோலை உரிக்கக் கத்தியை எப்படிப் பிடிக்கணும்னு சொன்னாரு. சாலட்டுக்கு உருளைக்கிழங்கைச் சூட்டோட உரிக்கணும்னு சொன்னாரு. வருஷா வருஷம் பழைய இரும்புச் சனிக்கிழமை வந்தா, ஜெர்மன் கெய்சர் காலத்துத் துப்பாக்கி வச்சிருக்கறவன் எல்லாம் காட்டுக்கு, இல்லாதவங்க எல்லாம் அடுப்படிக்கு. நாப்பது வருஷம் அந்த ஹால் அடுப்படியில கையெல்லாம் வெந்து...

...இருடா. இன்னிக்குத்தானே பழைய இரும்புச் சனிக்கிழமை?

...நீ ஏன் வீட்டுல இருக்க?

...வீட்டுல இல்ல. அப்புறம்?

...ஹில்மர். நீ எங்கடா இருக்க?

...

...ஐயோ! ஐயோ, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது... துப்பாக்கி இல்லாதவன் அடுப்படிக்கு! தாத்தா போட்ட சட்டம்! எத்தனை கிலோ உரிச்ச?... நாப்பதா! கையைப் பத்திரமாப் பார்த்துக்கோ, ஆவி பட்டா தோல் உரியும்... இல்ல, கேலி பண்ணல. சத்தியமாக் கேலிதான் பண்றேன்.

...கையெல்லாம் உருளைக்கிழங்குன்னா போனை எப்படிப் பிடிச்சிருக்க?

...ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?

...எத்தனை பேருடா இருக்காங்க அங்க?... நெல்டா? நெல்டா, உன் புருஷனை... ஹலோ, எல்லாருக்கும் வணக்கம். ஆமா, நான்தான். ஆமா, துப்பாக்கி என்கிட்டதான் இருக்கு, கேட்டீங்க இல்ல... பாஸ்டரும் இருக்காரா? எதுக்கு வந்தாரு?... சாசேஜ் ருசி பார்க்கவா. பாஸ்டர், அந்த இருமல் விஷயம்... அது எங்க வீட்டுக்குள்ள பேசினது. மன்னிச்சுக்குங்க... அப்பாடா. நல்ல மனுஷன்.

...யாரு? மேயர் வந்திருக்காரா? நிஜ மேயரா? ஐயா, நான் உங்களைச் சொல்லல! பன்னியைச் சொன்னேன். அப்பா வச்ச பேரு அது... உங்க நடையைப் பார்த்து வச்சதுன்னு எவன் சொன்னான்?... ஹில்மர், நீயா சொன்ன? இப்பவா? ஸ்பீக்கரை அணைடா!

...அணைச்சாச்சா?... சத்தியமா?... சரி.

...இல்ல, இன்னும் படுத்துத்தான் இருக்கு. கால் எங்கடா தெரியுது, எல்லாம் சேத்துக்குள்ள இருக்கு. வயிறு மட்டும் ஏறி எறங்குது. எழுந்திருக்கற வரைக்கும் சுட முடியாது... இல்ல, கல்லு எறிய மாட்டேன். மிரண்டு ஓடிடும். ஒன்பது மணிக்கு டிரம் சுத்தும். சோளம் இல்லைன்னாலும் மோட்டார் சுத்தத்தான் செய்யும், அந்தச் சத்தத்துக்கு எழுந்து வரும். இன்னும்... நாலு நிமிஷம் இருக்கு. நீ வை. நான் பார்த்துக்கறேன். நன்றி. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சொல்றேன், ஆனா நன்றி.

...என்ன?

...சொல்லு. வைக்கல... ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு?... வெளிய வந்துட்டியா? சரி. சொல்லு.

...ஆஸ்பத்திரியிலயா? எப்ப?... கடைசிக்கு முந்தின நாள். நான் அப்பதான் துணி மாத்த வீட்டுக்குப் போனேன். ஆமா. என்ன சொன்னாரு?

...

...இன்னொரு தடவை சொல்லு.

...'வெர்லீன் எடுத்துக்கிட்டுப் போயிடுவா'ன்னா? துப்பாக்கியையா? அவரு வாயாலயா?... 'சாப்பாடு முடியறதுக்குள்ள எடுத்திருப்பா. நீ தடுக்காத. காலைப் பார்த்துச் சுடச் சொல்லு'ன்னு.

...

...இருக்கேன். இருக்கேன்டா. ஒண்ணுமில்ல. இங்க குளவி இருக்கு, கண்ணுல... குளவி இல்ல. அழறேன். நீ அதை நெல்டாகிட்டச் சொல்லாத.

...என்னைக் கிட்ட வரவே விடலையேடா. சின்ன வயசுல அந்தத் துப்பாக்கி அலமாரிப் பக்கம் போனாலே அதட்டுவாரு. நான் அதைத் தூக்கறப்ப, அவரு மேல இருக்கற கோபத்துலதான் தூக்கினேன். செத்தப்புறமாவது உன் துப்பாக்கியை நான் தொடறேன், என்ன பண்ணுவன்னு. அவரு என்னடான்னா... வழி சொல்லி விட்டிருக்காரு.

...அதை நீ ஏன்டா இத்தனை நாளாச் சொல்லல?

...

...ம்.

...ம். புரியுது... இல்லடா. அப்படி இல்ல. உன்னைப் பிடிக்காமச் சொல்லல அவரு. நாப்பது வருஷம் உன்னைக் கூடவே வச்சிருந்தாரு. உன்கிட்டச் சொல்ல வேண்டியதையெல்லாம் பன்னண்டு வயசுலயே சொல்லிட்டாரு. எனக்குத்தான் பாக்கி வச்சிருந்தாரு... ஆமா, வலிக்கத்தான் செய்யும். எனக்கு ஐம்பத்தெட்டு வருஷமா வலிச்சுது, உனக்கு மூணு வாரம் வலிக்கட்டும்.

...ஆனா நாலு தடவைடா, முட்டாளே! உன் கடுப்புல அப்பாவை நாலு தடவை காத்துல பறக்க விட்டிருக்கோம்! மரத்துல ஒண்ணு, டிரம்ல ஒண்ணு, போர்டுல ஒண்ணு, தொட்டியில ஒண்ணு. ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்... அப்படின்னா நான்தான் எடுத்தேன்னு உனக்கு அன்னிக்கே தெரியும்?... கதவைத் திறந்து விட்டப்பவேவா! பூ ஜாடின்னு நினைச்சதெல்லாம் நடிப்பா?

...இரு. அப்ப ராண்டல் ட்ரெய்லருக்குப் போலீஸை எதுக்கு அனுப்பின?

...

...அவன் எனக்குப் பண்ணினதுக்காக, வேணும்னேவா?

...ஹில்மர், நீ என் தம்பிடா. நீ என் சொந்தத் தம்பி. அப்புறம் போனை எடுத்ததும் அவ்வளவு திட்டினியே, அது எதுக்கு?... ஓ, மூணு வாரமாச் சேத்து வச்சதா. சரி, அது இறங்கினது நல்லதுதான்.

...உஷ்.

...உஷ்! டிரம் சுத்துது.

...காதைத் தூக்கிட்டாரு. ஒரு காது. கிழிஞ்சது... எழுந்திருக்காரு. பின்னங்கால். முன்னங்கால்... சேறு சொட்டச் சொட்ட நிக்கறாரு. அடேயப்பா, என்ன உடம்பு. நூத்தைம்பது கிலோ இருக்கும்... இல்ல, வைக்காத. நீயும் இரு. போனை ஜன்னல் கட்டையில வைக்கறேன். பேசாத. மூச்சுகூட விடாத.

...திரும்பு. திரும்புய்யா. பக்கவாட்டுல நில்லு... அப்படித்தான்.

...முட்டி. சேத்துக்குக் கொஞ்சம் மேல. முட்டி. முட்டி.

...அப்பா, நேராப் போ. இந்தத் தடவையாவது வேற எங்கயும் சுத்தாத.

...

...

...ஹலோ?

...ஹலோ, ஹில்மர்? இருக்கியா? ஒண்ணும் கேக்கல. காதுக்குள்ள ங்ஙொய்னு ஒரே சத்தம். பரண் பெட்டிக்குள்ள உக்காந்து சுட்டா இப்படித்தான். நீ பேசாத. பேசினாலும் கேக்காது. நான் பேசறேன், நீ கேளு. ஐம்பத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா நீ கேளு.

...ஓடிச்சு. அப்படியே ஓடிச்சு, தொட்டியைச் சுத்தி... எனக்கு உயிரே போச்சு, அஞ்சாவதும் போச்சுன்னு நினைச்சேன். ஓடையில எறங்கல. பத்து எட்டு வச்சுது. அப்புறம் நின்னு யோசிச்சுது. அப்புறம் உக்காந்துச்சு, பின்பக்கத்தைக் கீழ வச்சு, நாற்காலியில உக்கார்ற மாதிரி. அப்படியே சாஞ்சிடுச்சு.

...எழுந்திருக்கல.

...எழுந்திருக்கல, ஹில்மர்... நான் இன்னும் எறங்கல. அப்பா என்ன சொல்வாரு, சுட்டப்புறம் ஒரு கப் காபி குடிக்கற நேரம் எறங்காதம்பாரு. பிளாஸ்க்குல இருக்கு. ஊத்திக்கிட்டேன். பாதி காபி என் மடியில கொட்டிடுச்சு.

...போயிட்டாருடா. அப்பா போயிட்டாரு. மூணு வாரமா அவரு போன மாதிரியே இல்ல எனக்கு. தோட்டா சட்டைப் பையில கிடந்து இடிச்சுக்கிட்டே இருக்கும், அவரு கூடவே வர்ற மாதிரி. சமையக்கட்டு மேஜையில வச்சுட்டுக் காலையில அவருக்கும் சேத்துக் காபி போட்டேன் ஒரு நாள். இப்ப பை லேசா இருக்கு. ரொம்ப லேசா இருக்கு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

...

...கொஞ்சம் கேக்குது. கத்து... யாரு கத்தறாங்க அங்க?... எல்லாருமா? ஸ்பீக்கரை அணைச்சேன்னு சத்தியம் பண்ணினியேடா!... திரும்ப உள்ள போய் எப்பப் போட்ட?... டிரம் சுத்தினப்பவா. சரி, போகட்டும். பாஸ்டர் என்ன சொல்றாரு?... ஜெபமா? பன்னிக்கா அப்பாவுக்கா?... ரெண்டும் இப்ப ஒண்ணுதான்னா சொன்னாரு? அவருக்கு சாசேஜ் இன்னும் ரெண்டு கொடு.

...ஆமா, வண்டியை எடுத்துட்டு வா. இழுக்கற சங்கிலி இருக்கற வண்டி. தனியா என்னால அசைக்க முடியாது. பன்னண்டு மணிக்குள்ள ஹாலுக்குக் கொண்டு வந்து எடை போடணும், அப்பதான் போட்டிக் கணக்குல சேரும்... பொம்பளை சுட்டது சேராதுன்னு எவன் சொன்னான்? சட்டம் என்ன சொல்லுது? பழைய ஜெர்மன் துப்பாக்கி வச்சிருக்கறவங்கதானே? ஆம்பளைன்னு எங்க எழுதியிருக்கு? போய்ப் பார்த்துச் சொல்லச் சொல்லு.

...இல்லடா, இதைத் திங்க முடியாது. கிழட்டுப் பன்னி, நாறும். அதுவும் இல்லாம உள்ள அப்பா இருக்காரு. அதுக்குன்னு ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன். அந்த அறுபது கன்னு இருந்த இடத்துலயே குழி தோண்டி உள்ள வச்சு, மேல புதுசா பீச்சு நடுவோம். நீயும் நானும்... ஆமா, நல்ல உரம். அவரும் இதைத்தான் சொல்லியிருப்பாரு.

...ஆமா... ஆமா, வா. மெதுவா ஓட்டிட்டு வா, அழுதுக்கிட்டே ஓட்டாத.

...என்ன?... என்ன சொல்ற?

...கேக்கல.

...எந்தத் துப்பாக்கி?... டேய், காது அடைச்சிருக்குடா. ஒரு வார்த்தையும் விளங்கல. திருப்பி என்ன?... இன்னும் சத்தமா... இல்ல. ம்ஹூம். ஒரே ங்ஙொய்.

...யாரு, நெல்டாவா? சொல்லு நெல்டா... அரைக் கப் வினிகர். சூடா ஊத்தணும், உருளைக்கிழங்கும் சூடா இருக்கணும். பேக்கன் கொழுப்பைக் கடைசியா ஊத்து. ஹில்மரையே கிண்டச் சொல்லு... இல்லம்மா, நீ பேசறது நல்லாக் கேக்குது. வச்சிர்றேன்.